நடுக்கோடு

"பாலத்தைக் காணோம், மேடம்."

பயிற்சி மாணவன் குமணன் பட்டென்று சொல்லிவிட்டான். எம்.ஆர்.ஐ. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முத்துப்பேச்சி ஏழு மாத வயிற்றோடு இயந்திரத்துக்குள் படுத்திருந்தாள். பிள்ளையின் மூளையில் இடப்பாதியையும் வலப்பாதியையும் சேர்க்கிற நரம்புப் பாலம் இல்லையோ என்று சாதாரண ஸ்கேனில் சந்தேகம். அதை உறுதிப்படுத்தத்தான் இந்தப் படம்.

பேராசிரியர் அமலோற்பவம் திரையைப் பார்த்தார். "இது நடுவில எடுத்த படமா?"

"நடுவேதான். பிள்ளை தலைக்கு நடுவில கோடு போட்டு, அந்தக் கோட்டு வழியாத்தான் திரும்பத் திரும்ப எடுத்தாச்சு. அந்தப் பிள்ளை சும்மா கிடந்தாத்தானே? உள்ளே கால்பந்து ஆடுது."

"ஆடட்டுமே. ஆடுறது நல்லதுதான்."

ஸ்பீக்கரில் முத்துப்பேச்சியின் குரல் வந்தது. "டாக்டர், பிள்ளைக்கு எதுவும் குறையா? சொல்லிருங்க. எங்க வீட்டுக்காரர் வெளிய சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்கார்."

"பாலம் இல்லைன்னே எழுதிடலாமே, மேடம்? எவ்வளவு நேரம் அவங்களைப் போட்டு வாட்டுறது?"

மேடம் மைக்கை அழுத்தினார். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. பார்த்துக்கிட்டேதான் இருக்கோம்."

குமணனுக்கு எரிச்சல். தொண்டை வேறு வறண்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினான். கை வெறும் மேசையைத் தடவியது.

"இங்கேதானே வெச்சேன்!"

"வெச்சே." பாட்டில் மேடம் கையில் இருந்தது. "எதைப் பார்த்து நடுக்கோடு போட்டே?"

"முதல் படத்தைப் பார்த்து."

மேடம் அவனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். கடைசியாக வந்த படத்தைத் திறந்தார். பிள்ளையின் தலை எப்போதோ சாய்ந்து திரும்பியிருந்தது. அந்தச் சாய்வுக்குத் தக்கபடி கோட்டைத் திருப்பிப் போட்டுப் பொத்தானை அமுக்கினார்.

இயந்திரம் தடதடத்து ஓய்ந்தது. படம் வந்தது. மூளையின் நடுவே, முன்னிருந்து பின்வரை வளைந்து போகும் மெல்லிய கறுப்புப் பட்டை. எங்கேயும் அறுபடாமல்.

குமணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"சந்தேகப்பட்ட பாலம் முழுசா இருக்கும்மா," என்றார் மேடம் மைக்கில். "மத்ததையும் பார்த்துட்டு வந்து பேசறேன்."

அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்டது. பிறகு, "அவர மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க டாக்டர்."

"எனக்கு மட்டும் ஏன் மேடம் தெரியல?"

மேடம் பாட்டிலை அவன் கையில் திணித்தார்.

"காலையில என்ன சொன்னேன்? ஒவ்வொரு தடவையும், பிள்ளை இப்ப எங்கே இருக்குன்னு பார்த்துட்டுக் கோடு போடுன்னேன்."