துருத்தி அறையில் நின்ற அருமைநாயகத்தார்

சீயோன்விளை மிஷன் விடுதியில் தங்கிப் படித்த பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றுவது அருமைநாயகத்தாரின் வேலை. ஒரு நாளைக்கு அறுபது குடம். கிணறு ஆழமானது, கயிறு முரடு. விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிடுவார். முதல் குடத்தை இறக்கும்போது, "ஆண்டவரே, கிழக்குத் தெரு எஸ்தர் வீட்டை ஆசீர்வதியும்" என்பார். இரண்டாவது குடத்துக்கு அடுத்த வீடு. இப்படிக் குடத்துக்கு ஒரு வீடாக அந்தச் சபையின் அறுபது குடும்பங்களையும் தினமும் ஆண்டவர் முன்னால் கொண்டு நிறுத்திவிடுவார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் ஒரு வீடு விட்டுப்போனதில்லை. அவருக்காக அந்த அறுபது வீட்டில் யார் ஜெபித்தார்கள் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. யாரும் ஜெபித்ததாகத் தெரியவில்லை.

அவர் அந்த ஊர்க்காரர் அல்லர். வாந்திபேதி வந்த வருஷத்தில் மனைவியையும், அப்போதுதான் நடை பழகியிருந்த மகளையும் ஒரே வாரத்தில் மண்ணில் வைத்துவிட்டுக் கால் போன போக்கில் வந்தவர். சீயோன்விளைக் கோயிலின் வடக்குச் சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பார்கள். அப்போது இருந்தவர் மாசிலாமணி ஐயர். அவர் வெளியே வந்து பார்த்து, "சாப்பிட்டீரா?" என்று கேட்டார்.

"எதுக்குச் சாப்பிடணும்?" என்றார் அருமைநாயகத்தார்.

ஐயர் வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி, அதே வடக்குச் சுவரில் இருந்த ஒரு குள்ளக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "ஆர்கனுக்குக் காத்து அடிக்கிற ஆளு சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டான். இந்த ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இதைப் பிடிச்சு அடிச்சுத் தாரும். சாகுறதைப் பத்தி அப்புறமா யோசிப்போம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது வருஷம் நீண்டுபோயிற்று.

அந்தக் கோயிலின் ஆர்கன் கடல் தாண்டி வந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே குழல் குழலாக நிற்கும். கட்டையை அழுத்துகிறவர் எபனேசர் வாத்தியார். ஆனால் குழலுக்குள் காற்று போனால்தானே சத்தம் வரும்? அந்தக் காற்றை ஊதுவது பின்னால் இருக்கும் பெரிய தோல் துருத்தி. அதன் கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அறைக்குக் கோயிலுக்குள்ளிருந்து வழி கிடையாது, வெளியே இருக்கும் குள்ளக் கதவு ஒன்றுதான். ஜன்னலும் இல்லை. உள்ளே நிற்பவருக்குச் சபை தெரியாது, சபைக்கும் அவர் தெரியமாட்டார். குழல்களின் இடுக்கு வழியாகச் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த இருட்டில் நின்றபடி அருமைநாயகத்தார் பாட்டுகளைத் தெரிந்துகொண்டார். எந்தப் பாட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும், எந்தச் சரணத்தில் சபை தொண்டையைத் திறக்கும் என்பதெல்லாம் அவர் தோளுக்குப் பாடம். செத்துப்போக வந்த மனுஷனுக்கு ஆண்டவர் கொடுத்த வேலை அது. 'நான் அடிக்காவிட்டால் இந்தப் பாட்டு இல்லை' என்று பெருமையாக அல்ல, பயபக்தியோடு நினைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. திருவிருந்து நாளில் ஜனங்கள் வரிசை வரிசையாகப் பீடத்தண்டை போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திரும்பும்வரை ஆர்கன் நிற்காமல் வாசிக்க வேண்டும். கடைசி ஆள் திரும்பிய பிறகு, மீதி இருப்பதைக் குருவானவரே அருந்தித் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் முறை. ஆக, கைப்பிடியை விட்டு அருமைநாயகத்தார் வெளியே வரும்போது பந்தி முடிந்திருக்கும். மாசிலாமணி ஐயர் இது தெரிந்தவர். ஆராதனை முடிந்ததும், அவருக்கென்று மீத்துவைத்த ஒரு துண்டு அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அவரே குள்ளக் கதவுக்கு வந்துவிடுவார். ஐயர் காலமானபோது, இந்த ஏற்பாட்டை அடுத்தவருக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

புதிதாக வந்தவர் தேவவரம் ஐயர். நல்லவர், ஒழுங்குக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். அவர் வந்த முதல் கிறிஸ்துமஸ் அன்று அருமைநாயகத்தார் துருத்தி அறையில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அடுத்த பண்டிகைக்கும் வரவில்லை. ஒரு நாள் துணிந்து ஐயர் பங்களா வாசலில் போய் நின்றார். நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் முறை வந்தது. ஆண்டவருடைய அப்பத்தை, "எனக்குத் தாரும்" என்று எப்படிக் கேட்பது? தலையைச் சொறிந்தார். ஐயர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புரியுது, புரியுது" என்று உள்ளே போய் ஒரு வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பம் கேட்கப் போனவர் வேட்டியோடு திரும்பினார்.

அதற்கடுத்த பண்டிகையில் அவர் ஒரு கணக்குப் போட்டார். துருத்தியை முட்ட முட்ட நிரப்பிவிட்டால், மெதுவான பாட்டுக்கு இரண்டு நிமிஷம் தாங்கும். அதற்குள் சுற்றி ஓடி, கடைசி வரிசையில் மண்டியிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அன்று சபைகளுக்கெல்லாம் தலைவரான அத்தியட்சர் வந்திருந்தார் என்பதை அவர் யோசிக்கவில்லை. பெரியவர் வந்திருக்கிறாரே என்று எபனேசர் வாத்தியார் எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டு வாசித்தார். அருமைநாயகத்தார் தலைவாசல் படியில் கால் வைத்தபோதே ஆர்கன் எருமை கத்துவதுபோல் ஓர் இழுப்பு இழுத்து ஓய்ந்தது. பிள்ளைகள் சிரித்தன. அவர் திரும்பி ஓடினார்.

ஆராதனை முடிந்ததும் வாத்தியார் குள்ளக் கதவுக்கே வந்துவிட்டார். "ஏன் வே, ஒரு கால்மணி நேரம் நிக்க முடியலையா உமக்கு? பீடி குடிக்கப் போனீரா? அத்தியட்சர் முன்னாலயா என் மானத்தை வாங்கணும்?"

"இனிமே நடக்காதுய்யா" என்றார் அருமைநாயகத்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பதினோரு வருஷம் காப்பாற்றினார்.

திருவிருந்து நாள்களில் அவர் பட்ட பாட்டை எழுதினால் மனசு பொறுக்காது. குழல் இடுக்கில் காலடிச் சத்தம் கேட்கும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இது கைத்தடி ஊன்றும் பெரியவர், இது புதுச் செருப்புக்காரர் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். எல்லாரும் போய் எல்லாரும் திரும்புவார்கள். அவர் கைப்பிடியை அடித்துக்கொண்டே, "ஆண்டவரே, எனக்கு" என்று மெல்லச் சொல்லுவார். அன்றைக்கு வீட்டில் உலை வைக்க மாட்டார். வைத்தாலும் எதிரே உட்கார்ந்து சாப்பிட யார் இருக்கிறார்கள்? வாய்விட்டு அழுவார், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

சபை சும்மா இருக்குமா? துருத்தியார் என்று பெயர் வைத்தாயிற்று. திருவிருந்தில் அவரைக் காணோம் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். ஏன் காணோம் என்று அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்பதைவிட ஊகிப்பது சபைக்குச் சுலபமாக இருந்தது. மேலத்தெரு ரெபேக்காள் அம்மாள் கிணற்றடியிலேயே சொன்னார்: "பெண்டாட்டி பிள்ளை சும்மாவா செத்துச்சு? ஏதோ செஞ்சிட்டு வந்திருக்காரு. அதான் பந்திக்கு வரப் பயப்படுதாரு." அருமைநாயகத்தார் காதில் அது விழுந்தது. மறுநாள் அந்த அம்மாள் வீட்டுக்கான குடத்தை இறக்கும்போது கயிறு கையில் நிற்காமல் வழுக்கியது. குடத்தை மேலே இழுத்துவைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி இறக்கி, ரெபேக்காள் என்று பெயர் சொல்லி ஆசீர்வாதம் கேட்டார்.

அப்படியிருக்க, அத்தியட்சரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து திருவிருந்தில் சேராதவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிச் சபையில் வாசிக்க வேண்டும். பெயர் போனால் போனதுதான். அதன்பிறகு அந்த மனுஷன் எத்தனை ஞாயிறு வந்தாலும் ஆண்டவருடைய பந்தியில் அவனுக்கு உரிமை இல்லை. என்றைக்காவது ஒருநாள் அந்தக் குள்ளக் கதவு திறக்கும் என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவருக்கு, அந்தக் கதவை ஆணி அடித்து மூடுகிற காரியம் அது.

உயிர்த்தெழுந்த பண்டிகை அன்று காலை, பிரசங்கம் முடிந்ததும் தேவவரம் ஐயர் பட்டியலை வாசித்தார். ஊரை விட்டுப் போன இரண்டு பேர். மூன்றாவது பெயர், அருமைநாயகம்.

துருத்தி அறையில் இருந்தவருக்குத் தம் பெயர் தெளிவாகக் கேட்டது. அந்தக் கோயிலுக்குள் அவர் பெயரை யாரும் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். சபைக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. ஐயர் திருவிருந்து ஜெபத்தைச் சொல்லி முடித்தார். எபனேசர் வாத்தியார் விரல்களைக் கட்டையில் வைக்கப் போகிறார்.

கைப்பிடியைத் தொடாமல் இருந்தால் போதும். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஆர்கன் ஊமையாகும். எல்லாரும் வடக்குச் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த மனுஷன் இத்தனை வருஷம் பந்தி நேரத்தில் எங்கே இருந்தான் என்பது சபை முழுவதற்கும் அந்த நிமிஷமே விளங்கிவிடும். அருமைநாயகத்தாருக்கு அந்த நினைப்பு வரத்தான் செய்தது. அவரும் மனுஷன்தானே. கையைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டார்.

பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலடிச் சத்தம் கேட்டது. அவர் இறைத்த தண்ணீரில் குளித்து வந்த பிள்ளைகள்.

"ஆண்டவரே, பேரை எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. உமக்கு என்னைத் தெரியும்லா. காத்து குறையாமப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தார். அன்றைக்கு அடித்ததுபோல் அவர் என்றைக்கும் அடித்ததில்லை. ஆர்கன் எழுந்தது. சபை பாடிற்று.

இனி நடந்தது தேவவரம் ஐயர் பின்னால் பல தடவை கண்ணீரோடு சொன்னது. பந்தியில் சேர விரும்புகிறவர்கள் சனிக்கிழமையே பெயர் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய ஒழுங்கு. அந்த எண்ணிக்கைப்படி அவரே உட்கார்ந்து அப்பத்தை வெட்டுவார், ஒரு துண்டு கூடாது, குறையாது. அன்று கடைசி வரிசையும் வாங்கித் திரும்பியபின் தட்டில் ஒரு துண்டு இருந்தது. யாராவது வராமல் இருந்துவிட்டார்களோ என்று சபையைப் பார்த்தார். பெயர் கொடுத்த அத்தனை பேரும் வந்து போயிருந்தார்கள். சரி, முறைப்படி நாமே உண்போம் என்று அதை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"அது உனக்கல்ல" என்று யாரோ சொன்னார்கள்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஐயரின் கை அப்படியே நின்றது. சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே வாத்தியார் ஒரு மூச்சு விட்டார். அந்த இடைவெளியில், வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மரம் உரசும் சத்தம் ஐயருக்குக் கேட்டது. கிறீச், கிறீச் என்று விடாமல். வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம்தான். அதன் மறுமுனையில் ஒரு மனுஷனின் கை இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சற்றுமுன் தாம் வாசித்த மூன்றாவது பெயரும் நினைவுக்கு வந்தது.

வெள்ளை அங்கியோடு, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் பாத்திரமுமாக ஐயர் பீடத்தை விட்டு இறங்கினார். நடுவழியாக நடந்தார். பாடிக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தார்கள். தலைவாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி, கோயிலைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனார். எபனேசர் வாத்தியார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் இது எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

கதவு குள்ளம். ஐயர் குனிந்து, முழங்காலை மடித்துத்தான் உள்ளே நுழைய முடிந்தது. வெளிச்சம் விழுந்ததும் அருமைநாயகத்தார் திரும்பினார். உடம்பெல்லாம் வியர்வை. தட்டையும் பாத்திரத்தையும் பார்த்தார். முகம் கோணிற்று. ஆனால் கை நிற்கவில்லை.

"அருமைநாயகம், நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் ஐயர். தட்டை நீட்டினார்.

"ஐயா, கையை விட முடியாதே. இன்னும் ரெண்டு சரணம் இருக்கு. காத்து போயிரும்."

"விட வேண்டாம்" என்ற ஐயர், கிட்டே வந்து அந்தத் துண்டு அப்பத்தை அவர் வாயில் வைத்தார். பாத்திரத்தை உயர்த்திப் பிடித்துக் குடிக்கவைத்தார். கண்ணீர் தாடியில் இறங்க, கை மேலும் கீழும் போய்வர, அருமைநாயகத்தார் தம் ஆண்டவரின் விருந்தை நின்றபடியே உண்டார். அந்த இரண்டு சரணமும் குறையில்லாமல் முடிந்தன.

ஐயர் உள்ளே திரும்பி வந்து, சபை முன்னால் அந்தப் பட்டியலைக் கிழித்தார். நடந்ததைச் சொன்னார். எபனேசர் வாத்தியார் கட்டையின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ரெபேக்காள் அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அருமைநாயகத்தார் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் துருத்தி அடித்தார். அத்தனை வருஷமும் சீயோன்விளையில் திருவிருந்து அன்று முதல் அப்பம் வடக்குக் கதவுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் முதல் வரிசை எழுந்தது. அவரை அடக்கம் செய்த அன்று ஆர்கனுக்குக் காற்று அடித்தவர் தேவவரம் ஐயர். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாட்டு முடியும்வரை அடித்தார்.

பேர் தெரியாமல் நின்று, பேர் போனபோதும் கை தளராமல் இருந்த அந்த எளியவரை ஆண்டவர் பேர் சொல்லி அழைத்துத் தம் பந்தியில் அமர்த்தியிருப்பார். அவர் நின்ற அந்த இருட்டறைக்கு நம்முடைய வணக்கம்.