கட்டச் சொன்ன பந்த்

நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில் அன்றைக்கு எல்லாக் கடையும் சாத்திக் கிடந்தது. பூக்காரி சீனியம்மா மட்டும் கூடையை வைத்து மல்லிகை மொட்டு கட்டிக்கொண்டிருந்தாள். பறித்த மொட்டு நாளை வரைக்கும் தாங்காதே!

பந்த் அறிவித்த தலைவர் ராமபத்திரன் பத்துப் பேரோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கு பந்த்னு தெரியாது? கடையைக் கட்டு!"

"பந்த்னா என்னங்கய்யா?"

தலைவர் நாலு வருஷம் டெல்லியில் இருந்தவர். கூட வந்தவர்கள் கேட்கிறார்கள் என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது இந்தி வார்த்தை. பந்த்னா மூடினதுன்னு அர்த்தம். ஆனா வேரைப் பிடிச்சுப் போனா, கட்டுறதுன்னு வரும். கட்டுறதுதான் பின்னால மூடுறதா ஆச்சு. புரியுதா?"

"நல்லாப் புரியுதுங்கய்யா," என்றாள் சீனியம்மா, கையை நிறுத்தாமல். "கட்டுறதுதான் பந்த்னா, விடிஞ்சதுலேர்ந்து இந்த ஊர்ல பந்த் நடத்துறது நான் ஒருத்திதான். நீங்கள்லாம் சும்மாத்தானே நிக்கிறீங்க?"

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு நடையைக் கட்டினார்.

ஜெயித்தது சீனியம்மாதான். ஆனால் பஸ் ஓடவில்லை. ஒரு முழம் கேட்டு ஒருத்தியும் வரவில்லை. பொழுது சாய்கையில் கூடையின் ஈரத்துணியை விலக்கிப் பார்த்தாள்.

தலைவருக்குப் பதில் சொல்லியாயிற்று. மொட்டுக்கு யார் போய் பந்த் என்று சொல்வது? கட்டி வைத்த அத்தனையும், ஒரு தலையிலும் ஏறாமல், கூடைக்குள்ளேயே மலர்ந்து கிடந்தது.