வடிகட்டிக்குக் கீழே

முதலில் ஊளைச் சத்தம். அது இறங்கி இறங்கி, 'டிக்' என்று ஓய்ந்தது. வெள்ளியங்கிரி, ட்யூபுகளைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜின் மூடியைத் திறந்தான். ட்யூபை எடுத்து, அதன் ஃபில்டரில் நின்றதைச் சோதித்துவிட்டுத் திரும்பினான்.

பக்கத்து மேசையில் அவன் குரு தில்லைநாயகி, வயதில் அவனுக்கு இளையவள், காலிப் பெட்டியில், துளி அளக்கும் பிப்பெட்டின் டிப்புகளைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தவாட்டியும் ஒண்ணுமில்லீங்க. பெரிய ஆர்என்ஏ எல்லாம் இருக்குது. நாம தேடற குட்டி ஆர்என்ஏ மட்டும் காணோம்."

"கோவிச்சுக்கிட்டுப் போயிருக்குமோ?"

"சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரியில இருக்கற அந்த நோயாளி அம்மா ஈரல்ல இருந்து எடுத்ததுல கடைசித் துணுக்குங்க இது. இன்னொருக்கா கத்தி வெச்சா தாங்கமாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் தலை நிமிரவில்லை. "செல்லு அந்தக் குட்டியை எப்படிச் செய்யுது?"

"இப்பவா பாடம்?"

"சொல்லுங்க."

மேசையிலிருந்த இன்னொரு ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான். "உட்கருவுக்குள்ள நீளமா ஒரு இழை பொறக்கும். தன்மேலயே மடிஞ்சு கொண்டை ஊசியாட்டம் நிக்கும். ஒரு கத்தரி அதோட வாலை வெட்டும். ஊசி மட்டும் வெளிய வரும். இன்னொரு கத்தரி வளைவை வெட்டும். மிச்சம் ரெட்டை இழை. ஒண்ணை ஒரு புரதம் பிடிச்சு வெச்சுக்கும். அது போயி செல்லுக்கு வேண்டாத செய்தியோட வாயை அடைக்கும். இன்னொண்ணு குப்பை."

"குப்பைன்னு யார் சொன்னது?"

"புஸ்தகத்துல..."

"அதே இழை வேற உறுப்புல வேலை பார்க்கறதையும் பார்த்திருக்காங்க."

அவனுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த ட்யூபைக் கழிவு வாளிமேல் சாய்த்துக்கொண்டே கேட்டான். "அப்ப எதுதானுங்க குப்பை?"

அவள் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இது என்ன?"

"ஃபில்டர்ல நிக்காம வடிஞ்ச தண்ணி. எப்பவும் கொட்டறதுதானுங்க..."

ட்யூபை நிமிர்த்தினான். அந்த ஃபில்டர் பெரியதைப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது. குட்டி அதில் எப்படி நிற்கும்?

"இன்னும் ஆல்கஹால் சேர்த்து வேற ஃபில்டர்ல ஊத்துங்க," என்றாள். "ஆல்கஹால் கூடினா குட்டியும் ஒட்டிக்கிட்டு நிக்கும்."

அவன் வாளியையே பார்த்தான். "முன்னாடி ரெண்டு துணுக்கோடதையும்... நானே கொட்டிட்டனுங்க, மேடம்."

"வாளிக்குப் போனது போச்சு. கையில இருக்கறதுக்கு மூடி போடுங்க."

அவன் மூடினான். அவள் போய் உட்கார்ந்து, விட்ட வரிசையிலிருந்து டிப்புகளைச் செருக ஆரம்பித்தாள்.