வெட்டியெறிந்த மூன்று நிமிடம்

ஒரு வழக்கு சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷம் கோடம்பாக்கத்தில் படியேறி இறங்கிய பின், பூங்கோதை எழுதிய நகைச்சுவைக் கதை ஒன்று படமானது. திரையில் அவள் பெயர் வரப்போவது அதுவே முதல் தடவை. வாயடித்தே குடை விற்கும் ஒருவன், திக்கிப் பேசும் பெண் ஒருத்தியைத் திங்கட்கிழமை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை இருவரும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அந்த அவசரக் காதலைத் தாங்குவது ஒரே ஒரு காட்சி. எல்லோரும் முந்திக்கொண்டு அவள் பேச்சை முடித்துவைக்கும் ஊரில், அந்த வாயாடி மட்டும் வாயை மூடிக்கொண்டு, அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறான். மூன்று நிமிடம். "அதுல கை வைக்க மாட்டேன்" என்று இயக்குநர் தணிகைவேல் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். படத்தை இரண்டு மணி நேரத்தில் அடக்கித் தருவதாகத் தயாரிப்பாளருக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எடுத்து முடித்தபோது மூன்று நிமிடம் கூடுதலாக இருந்தது.

வெளியாட்கள் நாற்பது பேரைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எடிட்டர் சகாயராஜ் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் செல்போனை எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டார். நகைச்சுவைப் படமென்றால் அது அவர் வழக்கம். அந்தக் காட்சியில் சிரிப்பு ஒன்றுகூட இல்லை. செல்போனும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. தணிகைவேல் சிரிப்பைப் பற்றி மட்டும் கேட்டார், சகாயராஜும் அதை மட்டும் சொன்னார். காட்சியைத் தூக்கிவிட்டார்கள். பூங்கோதையிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மறுவாரம் போட்டுக் காட்டியபோது அவளும் இருந்தாள். படம் நெடுகச் சிரிப்பு. ஆனால் வெளியே வந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எதைப் பார்த்து அந்தப் பெண் அவனைக் கட்டிக்கொண்டாள்? தணிகைவேல் எல்லோர் முன்னாலும் பூங்கோதையைப் பிடித்துக்கொண்டார். நாலே நாளில் காதல் என்று எழுதினால் எவன் நம்புவான், ஓட்டை கதையிலேயே இருக்கிறது என்றார். அவள் பேச வாயெடுத்தாள். "நீ என்ன சொல்லப்போறேன்னு தெரியும்மா" என்று மறித்தார். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் மறித்தார். சகாயராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் தடவை அவர் மறிப்பதற்குள் சொல்லி முடித்தாள்.

"சார், என் பேரை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். படம் ஓடியது. பத்து வருஷ உழைப்பைக் கோபத்தில் தூக்கியெறிந்தாள் என்று ஊர் பேசுகிறது. தயாரிப்பாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்கிறார் தணிகைவேல். சொன்ன வேலையைச் செய்தேன் என்கிறார் சகாயராஜ்.

இந்த மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது பெரிய தப்பு?

விடை: பூங்கோதை செய்ததே சரி. கதையின் உயிரை எடுத்துவிட்டுப் பழியையும் அவள் தலையில் கட்டிய பிறகு, பெயர் மட்டும் அங்கே எதற்கு? தணிகைவேல் வாக்குத் தவறினார். இரண்டையும் காப்பாற்ற முடியாதென்று அவளிடம் வந்து சொல்லியிருந்தால், வேறு மூன்று நிமிடத்தை அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் பெரிய தப்பு சகாயராஜுடையது. நாற்பது பேர் அசையாமல் பார்த்ததை அறிந்தவர் அவர் ஒருவர்தான், அறிந்தும் வாய் திறக்கவில்லை. நாலு நாள் காதலை ஜனங்கள் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பெண் பேசி முடிக்கும்வரை ஒருவன் காத்திருப்பான் என்பதை, அந்தப் படத்தை எடுத்தவர்களே நம்பவில்லை.