தலைவரின் பன்னிரண்டு போண்டா

அன்று, மட்டையால் சுவரில் பந்தடித்து ஆடும் ராக்கெட்பால் கூடத்தில் இருந்தவர்கள்: கிளப் தலைவர் தணிகாசலம், டாக்டர் மெஹருன்னிசா, ஆட்டம் சொல்லித்தரும் ஊழியர் இருளப்பன், தலைவரின் சிற்றுண்டியாகப் பன்னிரண்டு போண்டா.

"இந்த ஆட்டம் உடம்புக்கு நல்லதாமே? நான் ஓட மாட்டேன். ஆனா இன்னைக்கே எனக்கு வேர்க்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது," என்றார் தலைவர்.

"ஓடவே வேணாங்கய்யா. நீங்க அடிக்காம விடுற ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு ஒரு போண்டா. அவ்வளவுதான்."

தலைவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மூன்று பந்துகளை நின்றபடியே விட்டார். இருளப்பன் மூன்று போண்டாவைச் சட்னியோடு தின்றார். நான்காவது பந்துக்குத் தலைவர் பாய்ந்தார். அரை மணி நேரம் சுவருக்குச் சுவர் ஓடி, ஒன்றைக்கூட விடவில்லை. சட்டை சொட்டச் சொட்ட நனைந்தது.

டாக்டர் நாடி பார்த்தார். "இதயத்துக்கு அருமையான பயிற்சி, சார். போண்டாவை மட்டும் தொடாதீங்க."

"நாளைக்கும் வந்துடு, இருளப்பா," என்று மூச்சுவாங்கினார் தலைவர். "போண்டா வேண்டாம்."

"அது இல்லாம நீங்க ஓட மாட்டீங்களேய்யா!"

டாக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டார். மீதம் எட்டு.