கோழிக்குக் கழுத்தில் பை வந்த கதை

அந்தக் காலத்தில் கோழி வாயைத் திறந்தால் பேச்சு வரும். மனுஷரும் காது கொடுத்துக் கேட்பார்கள். இப்போது இரண்டுமே இல்லை.

அப்போது கோழிக்குக் கழுத்தில் பை கிடையாது. தொண்டையிலிருந்து வால்வரைக்கும் ஒரே வாய்க்கால். கொத்தின தானியம் விறுவிறுவென்று உள்ளே போகும், போன வேகத்திலேயே வெளியே வரும். கம்பு கம்பாகவே விழும், சோளம் சோளமாகவே விழும். உடம்பில் ஒன்றும் ஒட்டாது. ஆகவே விடிந்ததிலிருந்து அடைகிறவரை கோழிக்குத் தின்பது ஒன்றுதான் வேலை. அப்படியும் குஞ்சு பொரித்ததென்றால் அது கோடை வெயிலின் புண்ணியம்.

தைலம்மை வீட்டில் சாம்பலி என்று ஒரு பெட்டைக்கோழி இருந்தது. முட்டை இடுவதில் அவளைக் குறை சொல்ல முடியாது. அடைகாப்பதில்தான் கோளாறு. இருபத்தோரு நாள் உட்கார வேண்டியவளால் அரை நாழிகை சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பசி கிள்ளும். எழுந்து ஓடுவாள். கொத்திவிட்டுத் திரும்புவதற்குள் முட்டை சில்லிட்டுப் போயிருக்கும். இரண்டு தடவை அடைவைத்தும் அத்தனையும் கூமுட்டை. உடைத்தால் தெருவே மூக்கைப் பிடித்தது.

மூன்றாம் தடவை மார்கழியில் வைத்தாள் தைலம்மை. வைக்கோல் போட்ட கூடையில் ஒன்பது முட்டை.

"ஏட்டி, இங்க பாரு. தை பிறந்ததும் மருமவன் வாரார். இந்தத் தடவையும் கூமுட்டைன்னா அன்னைக்குக் குழம்புல கொதிக்கப் போறது நீதான். பிறகு சொல்லலைன்னு சொல்லாத."

"நான் என்னம்மா செய்ய? உட்காரத்தான் பார்க்கேன். வயிறு விடமாட்டேங்கு."

"ஊருல ஒனக்கு மட்டுந்தான் வயிறு இருக்காக்கும்!"

சாம்பலிக்குக் குழம்புச் சட்டி பயம்தான். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. போன இரண்டு தடவையும் முட்டைக்குள் ஏதோ அசைந்ததை அவள் நெஞ்சில் உணர்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் அந்த அசைவு நின்றதையும்.

எதிரே முருங்கை மரத்தில் மஞ்சமூக்கன் என்று ஒரு மைனா குடியிருந்தான். சாம்பலியை மதினி என்றுதான் கூப்பிடுவான். புழு தேடுவது, பூச்சி தேடுவது எதுவும் அவனுக்குக் கிடையாது. சாம்பலி எச்சத்தில் முழுசு முழுசாக விழுகிற தானியத்தைப் பொறுக்கித் தின்றே தொந்தி போட்டிருந்தான்.

"என்ன மதினி, வாடிக் கிடக்கியளே? எந்திரிச்சு நாலு வாய் தின்னுங்க. தின்னாத்தான உடம்புல சூடு வரும்?"

அதை அக்கறை என்று நம்பினாள் சாம்பலி. சில பேர் அப்படித்தான்.

அந்த வாரம் தைலம்மை, மாட்டுக்கென்று தவிட்டையும் நொய்யையும் கழுநீரில் கரைத்துப் பானையில் மூடி வைத்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து இறங்கினாள். மூன்று நாள் ஓயாத வாய். அதற்கு ஈடுகொடுத்ததில் தைலம்மை பானையை மறந்தே போனாள். நாலாம் நாள் திறந்தால், உள்ளே நுரைத்துப் பொங்கி, குமிழி விட்டுக்கொண்டிருந்தது. புளித்த தோசைமாவு வாடை. பூஞ்சை மட்டும் இல்லை. மாடு ஒரு முறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கீழே ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. சாம்பலியின் கூடைக்குப் பக்கத்தில் பானையை 'ணங்' என்று வைத்தாள்.

"இதைத் தின்னு. இல்லாட்டிப் பட்டினி கிட. ரெண்டு நாளைக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடக் கூடாது."

"தொடாதிய மதினி!" என்று மரத்திலிருந்து கத்தினான் மஞ்சமூக்கன். "கெட்டுப்போன சரக்கு. தின்னா குடல் வெந்துபோகும்."

சாம்பலி யோசித்தாள். எழுந்து போனால் முட்டை குளிரும். தின்னாவிட்டால் எழுந்து போகத்தான் வேண்டும். கழுத்தை எட்டி ஒரு வாய் எடுத்தாள். புளிப்பு நாக்கில் சுருக்கென்றது. இன்னொரு வாய் எடுத்தாள். நொய் பஞ்சாக ஊறி மெத்தென்று இறங்கியது.

மதியம் ஆயிற்று. பசி வரவில்லை. சாயங்காலம் ஆயிற்று. அப்போதும் வரவில்லை. மறுநாள் எழுந்து போய் எச்சம் போட்டாள். கெட்டியாக, உருண்டையாக விழுந்தது. மஞ்சமூக்கன் அதைக் கிளறிக் கிளறிப் பார்த்தான். ஒரு மணி தானியம் இல்லை.

தைலம்மையும் பார்த்தாள். கூடைக்குள் கையை விட்டாள். முட்டை வெதுவெதுவென்று இருந்தது. அவள் யாரையும் பாராட்டுகிற ரகம் இல்லை. "ஓகோ" என்றாள். அன்று முதல் பானையின் அடி மண்டியைக் கழுவாமல் வைத்து, அதிலேயே புதுத் தவிட்டைக் கரைத்தாள். ஒரே நாளில் புளித்தது.

மஞ்சமூக்கன் இளைத்தான். அடைக்கு உட்கார்ந்த பத்தொன்பதாம் நாள், மகளையும் மருமகனையும் கூட்டிவர தைலம்மை வண்டி கட்டிக்கொண்டு போனாள். பானை நிறையக் கரைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். வண்டி தெருமுனை திரும்பியதும் மஞ்சமூக்கன் கூடையோரம் வந்து உட்கார்ந்தான்.

"மதினி, என் சனம் முழுக்க வரச் சொல்லியிருக்கேன். நாப்பது பேர். பானையைக் காலி பண்ணிருவோம். பிறகு நீங்களும் பழையபடி காட்டுல மேட்டுல கொத்தித்தான் தின்னணும். நானும் பிழைக்கணும்லா?"

"கெட்டுப்போன சரக்குன்னியே கொழுந்தா?"

"எனக்குத்தான் கெட்டது" என்றான் அவன், கூச்சமே இல்லாமல். சனத்தைக் கூட்டிவரப் பறந்தான்.

சாம்பலி முட்டைகளைப் பார்த்தாள். ஒன்றில் உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்தாள். பானைக்குள் தலையை விட்டு அள்ளி அள்ளி விழுங்கினாள். வயிறு நிறைந்தது. நிறுத்தவில்லை. அதற்குமேல் போனது கீழே இறங்க இடமில்லாமல் கழுத்தடியில் நின்றது. தோல் இழுத்தது, வலித்தது, பிய்ந்துவிடும் போலிருந்தது. "அங்கேயே இரு. நான் கேட்கும்போது இறங்கு" என்று விழுங்கினதிடமே சொன்னாள். பானையின் அடி தெரிந்த பிறகுதான் கூடைக்குத் திரும்பினாள்.

நாற்பது மைனாவும் வந்து வெறும் பானையைச் சுற்றி நின்று, மஞ்சமூக்கனைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போயின.

இரண்டு நாள் சாம்பலி எழவே இல்லை. பசிக்கிற போதெல்லாம் கழுத்தைக் கொஞ்சம் நெளித்தாள். புளித்த தவிடு ஒரு வாய் உள்ளே இறங்கியது.

தைப் பிறப்பன்று வண்டி வந்து நின்றது. மருமகன் கையைக் காலைக் கழுவுவதற்குள் தைலம்மை கோழிக்கூடையைப் பார்க்க ஓடினாள்.

"ஏட்டி, கழுத்துல என்ன கட்டி?"

"கட்டி இல்லம்மா. சாப்பாடு."

தைலம்மை இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். ஏழு குஞ்சு. இரண்டு கூமுட்டை. இறக்கையை மெல்ல இறக்கிவிட்டாள். பிறகு அடுப்படியைப் பார்த்து, "கத்தரிக்காயை நறுக்குங்க" என்று குரல் கொடுத்தாள். மருமகனின் முகம் சுருங்கியதை யாரும் சட்டை செய்யவில்லை.

பிழைப்புப் போன மஞ்சமூக்கன், மாடு மேயும்போது கிளம்புகிற பூச்சிக்காக அதன் காலடியில் நடக்கத் தொடங்கினான், இன்னும் நடக்கிறான். சாம்பலியின் கழுத்துத் தோலோ இழுத்தது இழுத்ததுதான், பழையபடி சுருங்கவே இல்லை; அவள் குஞ்சுகளுக்கும் அதே பை வந்தது. அந்த மார்கழிக்குப் பிறகுதான் கோழி எதைத் தின்றாலும் நேரே வயிற்றுக்கு விடாமல் கழுத்துப் பையில் ஊறப்போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. அடைக்கு உட்கார்ந்த கோழி, நாளுக்கு ஒரே ஒரு தடவைதான் முட்டையை விட்டு எழுந்து வருகிறது.