குதிரையின் காதில் கேட்டது

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு தேசத்தில், விஜயகேது என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஒரே ஓர் ஆசை மட்டும் அவரைப் பிடித்து ஆட்டியது. கப்பலில் வந்திறங்கிய பவளன் என்ற செங்குதிரையின்மேல் ஏறி, இடுப்புயர மூங்கில் வேலியை ஒரே பாய்ச்சலில் தாண்ட வேண்டும்.

பவளன் வேலிவரை காற்றாய்ப் பறக்கும். வேலிக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். ராஜாவின் தலைப்பாகை மட்டும் அந்தப் பக்கம் போய் விழும். லாயத்து அதிகாரி ஒருவர், "குறை குதிரையிடம் இல்லை, மகாராஜா..." என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு சொல்வதற்குள் அவரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

அரண்மனைப் பிரதானி அனந்தராயருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. ராஜாவைச் சிரிக்க வைத்தே பெயர் வாங்கும் விகடகவி உடையப்பனைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, உடையப்பரின் வாய்க்கு மனிதர்களே மயங்குகிறார்கள். ஒரு குதிரை மயங்காதா? ஒரு மாதம் தவணை கொடுங்கள். பவளன் தங்களைச் சுமந்து வேலி தாண்டாவிட்டால், இவர் தேசத்தை விட்டே போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

உடையப்பனுக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவர் ஆயுளில் கழுதைமேல்கூட ஏறியதில்லை. ஆனாலும் லாயத்துக்குப் போனதும் ஒரு கேள்வி அவரைக் குடைய ஆரம்பித்தது. இவ்வளவு வேகமாக ஓடுகிற குதிரை எதற்காக நிற்கிறது? இரண்டு நாள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை, முதுகில் யாரும் இல்லாத பவளன், லாயத்து வேலியைத் தாண்டிப் போய்க் கொள்ளுச் செடியை மேய்ந்துவிட்டு, வந்த வழியே தாண்டித் திரும்பி வந்தது.

"அடேயப்பா! மொக்கையா, இதுக்குத் தாண்டத் தெரியுமா?"

குதிரைக்காரன் மொக்கையன் சுற்றும்முற்றும் பார்த்தான். "ஏன் தெரியாதுங்க அய்யா? முதல்ல தரையில கட்டை, அப்புறம் முழங்கால் உசரம், அப்புறம் இடுப்பு உசரம்னு நான்தான பழக்குனேன். தாண்டுறப்ப அது கழுத்தை நல்லா நீட்டணும். அப்பத்தான் முதுகு வளையும், முன்னங்கால் மடங்கும். மேல இருக்கிறவரு முன்னால குனிஞ்சு, கையை விட்டுக் குடுக்கணும்."

"மகாராஜா என்ன பண்றாரு?"

"எனக்குப் புள்ளகுட்டி இருக்குங்க" என்று மொக்கையன் புல் அறுக்கப் போய்விட்டான்.

அன்று மாலை ராஜா சவாரி வந்தபோது உடையப்பன் கண் கொட்டாமல் பார்த்தார். வேலி நெருங்கியதும் ராஜா பின்னால் சாய்ந்தார். கடிவாள வாரை இரண்டு கையும் நெஞ்சுவரை இழுத்தன. ஐயோ பாவம், பவளன் எங்கே கழுத்தை நீட்டும்? காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னாலும் எல்லைதான், சொல்லாவிட்டாலும் எல்லைதான்.

தவணை முடிகிற நாளில் ஊரே மைதானத்தில் கூடியது.

"மகாராஜா, பவளன் தயார்" என்றார் உடையப்பன். "ஆனால் அது மானமுள்ள குதிரை. ஊரறிய அதட்டினால் அதற்குப் பிடிக்காது. வேலிக்குப் பக்கத்தில் போனதும் தாங்கள் குனிந்து, இரண்டு கையாலும் அதன் கழுத்தைத் தடவி, காதோடு 'போகலாமா' என்று கேட்க வேண்டும்."

"ராஜா குதிரையிடம் அனுமதி கேட்பதா? என்ன அநியாயம்!" என்று கொதித்தார் அனந்தராயர்.

ராஜாவுக்கோ, என்னதான் நடக்கும் என்று பார்க்கும் ஆவல் வந்துவிட்டது. பவளனை விரட்டினார். வேலி நெருங்கியது. குனிந்தார், இரண்டு கையும் கழுத்தோடு முன்னால் போயின, "போகலாமா?" என்றார். பவளன் கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை மடக்கி, வேலியின் ஒரு மூங்கில்கூட அசையாமல் தாண்டி இறங்கியது. தலைப்பாகையும் தலையிலேயே இருந்தது.

ஜனங்கள் ஆரவாரம் செய்ய, ராஜா கீழே இறங்கினார். அனந்தராயருக்குப் பொறுக்கவில்லை. "இதில் என்ன வித்தை இருக்கிறது? ஒரு வார்த்தைதானே? நான் சொன்னாலும் தாண்டும்!" என்று பவளன்மேல் ஏறிவிட்டார். ஆனால் ஒரு மிருகத்துக்கு முன்னால் பிரதானி குனிவாரா? நிமிர்ந்தே போனார். வேலியைக் கண்டதும் பின்னால் சாய்ந்து, வாரை நெஞ்சுவரை இழுத்து, "போகலாமா!" என்று அலறினார். பவளன் நின்றது. அனந்தராயர் மட்டும் வேலியைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் ராஜா சிரிக்கவில்லை. அவர் தம் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவற்றை நெஞ்சுவரை இழுத்துப் பார்த்தார். பிறகு முன்னால் நீட்டிப் பார்த்தார்.

"உடையப்பரே, இவ்வளவு நாளும் நானும் இப்படித்தான் இழுத்தேனா?"

"நான் குதிரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மகாராஜா."

ராஜாவுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீர் இந்தத் தேசத்தை விட்டு எங்கும் போகக் கூடாது. இனி என்னிடம் என்ன குறை கண்டாலும், இதேபோல் காதோடு வந்து சொல்லும். ஒருவரும் உம்மைத் தொடமாட்டார்கள்" என்றார்.

உடையப்பன் உடனே பக்கத்தில் போய், ராஜாவின் காதோடு சொன்னார்: "பரிசு கொடுக்க மறந்துவிட்டீர்கள், மகாராஜா."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.